அனுப்பி வைத்தவர்கள்

வெள்ளிமலைப் பள்ளிக்கூட மைதானத்தில் அன்று காற்று அதிகம். கிண்ணத்திலிருந்து எடுக்கும்போதே குங்குமம் பாதி பறந்துவிட்டது. மிச்சத்தைக் கட்டைவிரலில் அழுத்தி, எதிரே நின்றவனின் நெற்றியில் கீழிருந்து மேலாக இழுத்தேன். வியர்வையில் குங்குமம் குழைந்து அவன் மூக்கின் மேல் ஒரு கோடு வழிந்தது. ஜெனரேட்டரின் இரைச்சலையும் மீறிக் கேட்கும்படி என் வசனத்தைச் சொன்னேன்: “போ மகனே! நீ திரும்பி வந்தால் நான் உனக்குத் தாய். திரும்பாவிட்டால் அந்த மண் உனக்குத் தாய்!” சொல்லிவிட்டுச் சிரிக்க வேண்டும். அழாமல் சிரிப்பதுதான் அந்தக் காட்சியின் உயிர் என்று ஒத்திகையில் சொல்லியிருந்தார்கள். சிரித்தேன். தரையில் உட்கார்ந்திருந்த மலைக்காரப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டல் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நாடகத்தை எழுதி இயக்கியவர் பாய். கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் செருப்புக் கடை வைத்திருந்தார். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அவர் என்னை டீச்சர் என்பார். நான் அப்போது வடக்கனந்தல் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. கல்யாணமாகியிருந்தது, குழந்தை பிறந்திருக்கவில்லை. தலையில் பவுடரைக் கொட்டி நரைக்க வைத்துக்கொண்டு, என்னைவிடச் சில வயதே இளையவனான ஒருவனுக்குத் தாயாக நடித்தேன். அந்த மகனாக நடித்தவன் சின்னசேலம் பக்கத்து அகதி முகாமைச் சேர்ந்தவன். கைக்குழந்தையாகப் படகில் வந்தவன். அப்பா அங்கேயே செத்துவிட்டார். இங்கே அம்மாவும் அவனும்தான். முகாம் இளைஞர்கள் பலரைப்போல அவனும் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போவான். பாய் கடைக்கு வர்ணம் அடிக்க வந்த இடத்தில், சாரத்தின் மேல் நின்று பாடிக்கொண்டிருந்தான். அந்தக் குரலைக் கேட்டுத்தான் பாய் அவனைக் கீழே இறங்கச் சொன்னார். நாங்கள் எல்லாரும் அவனைத் தம்பி என்போம்.

கடலுக்கு அந்தப் பக்கம் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. இங்கே நாங்கள் தூங்கவில்லை என்று சொன்னால் அது பொய், நன்றாகத்தான் தூங்கினோம். ஆனால் விழித்திருந்த நேரமெல்லாம் அதையே பேசினோம். செருப்புக் கடை மாடியில், அட்டைப் பெட்டிகளின் நடுவில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்து, எந்த ஊர் விழுந்தது, எந்த ஊர் மீண்டது என்று வாதாடினோம். எங்கள் கோபம் உண்மையானது. அங்கே மக்கள் மேல் குண்டு விழுந்ததும் உண்மை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கேவலம் என்று பாய் நினைத்தார். இன்றைக்கும் அதை நான் தவறென்று சொல்லமாட்டேன். அந்தக் கோபத்துக்கு ஒரு வடிவம் தேடியபோது எங்கள் கைக்கு எட்டியது, நூற்றாண்டுகளாக மெருகேற்றப்பட்டுத் தயாராக இருந்த வீரத்தாய். கணவனைக் கொடுத்தவள், மூத்தவனைக் கொடுத்தவள், கடைசிப் பிள்ளைக்கும் திலகமிட்டு அனுப்புகிறவள். அவளை மேடையேற்றுவது எங்களுக்கு மிகச் சுலபமாக இருந்தது. அந்தச் சுலபத்தைப் பார்த்தாவது நாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் இறங்கும்போது தம்பி பின்னால் தொங்கிக்கொண்டே பாடினான். ஒவ்வொரு வளைவிலும் நான் கத்தினேன், “உள்ள வாடா, விழுந்துடப் போற!” அவன் சிரித்தான். “அம்மா, மேடையிலை சாகச் சொல்லி அனுப்பிறியள். ஜீப்பிலை விழுந்தா மட்டும் பயமோ?” ஜீப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

பிறகு அவன் போய்விட்டான்.

அவனுடைய அம்மா பாய் கடையின் முன்னால் வந்து நின்ற மதியம் நான் அங்கே இருந்தேன். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை. மெலிந்த, உயரமான பெண். கடைக்குள் ஏறாமல், படியிலேயே நின்று கேட்டார். “தம்பி இஞ்சை வந்தவனோ? சேலத்திலை பெயின்ட் வேலை எண்டு பக்கத்து வீட்டிலை சொல்லிப்போட்டுப் போனவன். அங்கை கேட்டா அப்பிடி ஒருத்தனும் வரேல்லை எண்டு சொல்லுகினம்.” பாய் என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஒத்திகையின் இடைவேளைகளில் அவன் படகுகளைப் பற்றி விசாரித்திருந்தான். அதைக் கதாபாத்திரத்தில் ஊறிப்போன ஒரு நடிகனின் ஆர்வம் என்று பாய் மெச்சியிருந்தார்.

போலீஸ்காரர்கள் விசாரணைக்கு வந்தார்கள். பாயைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். “யாருய்யா அனுப்புனது?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். பாய், நான் அனுப்பவில்லை என்றே சொல்லியிருக்கிறார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார். “பொய் சொல்லிட்டு வந்துகினு இருக்கேன் டீச்சர்.” என்னை யாரும் விசாரிக்கவில்லை. மேடையில் திலகமிடும் தாயைச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் கொண்டுவர முடியாது.

போர் முடிந்தது. முடிந்த விதம் எல்லாருக்கும் தெரியும். தம்பியைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை. செத்தவர்களின் படங்கள் வந்தபோது பாய் ஒவ்வொன்றையும் பார்த்தார். சரணடைந்தவர்களின் படங்களையும் பார்த்தார். எதிலும் அவன் இல்லை. அவர் நாடகக் குழுவைக் கலைத்தார். திரைச்சீலையை மடித்து ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டினார். அதன்பிறகுதான் அவருடைய படிப்பு தொடங்கியது.

பாய்க்கு ஆங்கிலம் செருப்புப் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் அளவுக்குத்தான் தெரியும். தமிழில் வந்த மொழிபெயர்ப்புகளையும் சிறுபத்திரிகைக் கட்டுரைகளையும் தேடித் தேடி வாங்கினார். பண்பாடு என்பது யாருடைய கையிலிருக்கும் கருவி, போர் எப்படிக் கண்ணுக்கு அழகாகிறது, ஆளுகிறவர்களின் மொழி எதிர்க்கிறவர்களின் வாய்க்குள்ளும் எப்படிப் புகுந்துகொள்கிறது. இவற்றைப் பற்றிய கடினமான எழுத்துகளை, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் வாசிப்புக் கூட்டம் நடத்தினார். நானும் தவறாமல் போனேன். விமர்சனக் கோட்பாடு என்ற சொல்லை நான் கல்லூரியில் மனப்பாடம் செய்திருந்தேன். அது ஒரு மனிதனின் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதை அந்த மாடியில்தான் பார்த்தேன்.

“ஷோகேஸ்ல வெக்கிற செருப்புல சேறு ஒட்டாது டீச்சர்,” என்றார் ஒரு முறை. “நம்ம நாடகத்துல சாவும் அப்பிடித்தான். கண்ணாடிக்குள்ள பளபளன்னு வெச்சோம். அந்தப் புள்ள அத எடுத்துக் கால்ல போட்டுகினு போயிட்டான்.”

வாசிப்புக்கு வந்த ஒரு இளைஞர், அப்படியானால் ஒடுக்குகிறவனும் ஒடுக்கப்படுகிறவனும் ஒன்றா என்று சூடாகக் கேட்டார். பாய் தலையை ஆட்டினார். “ஒண்ணுன்னு யாரு சொன்னது? அடி வாங்கறவன் எழுந்து நிப்பான். நிக்கணும். அவன் அங்க நின்னா அது அவன் முடிவு. நான் கேக்கறது வேற. கள்ளக்குறிச்சில ஃபேன் காத்துல உக்காந்துகினு, வசனம் எழுதி, அவன எழுப்பி வுட நாம யாரு?” கீழே யாரோ எட்டாம் நம்பர் இருக்கிறதா என்று கேட்கும் சத்தம் வந்தது. பாய் எழுந்து போனார்.

அந்தக் கூட்டங்களிலிருந்து வீடு திரும்பும்போது எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதை எழுதாவிட்டால் இந்தக் குறிப்புக்கே அர்த்தமில்லை. தவறைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்துவிட்டால், அது நம் மேலிருந்து இறங்கிக் கரும்பலகைக்குப் போய்விடுகிறது. அதைச் சுண்ணாம்புக்கட்டியால் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்தலாம். தாய் என்ற படிமத்தைத் தேசம் எப்படிப் பயன்படுத்துகிறது என்று நான் மாணவிகளுக்கு அருமையாக விளக்கினேன். அந்தப் படிமத்துக்குள் ஒரு காலத்தில் பவுடர் பூசிக்கொண்டு நின்றவள் நான் என்பதை மட்டும் சொன்னதில்லை. இதற்கிடையில் எனக்கு ஒரு மகன் பிறந்திருந்தான். அவன் தெருவில் சைக்கிள் ஓட்டப் போனாலே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

சில வருடங்கள் கழித்து தம்பியின் அம்மா மறுபடியும் வந்தார். இந்த முறை படியேறி உள்ளே வந்து உட்கார்ந்தார். முகாமில் அடிக்கடி ஆள் கணக்கெடுப்பு இருக்கும், கூலி வேலையும் விடாது. அதனால் அவர் ஒரு தடவைகூட எங்கள் நாடகத்தைப் பார்த்ததில்லையாம். “என்ர பிள்ளை நடிச்சதை நான் ஒருக்காலும் பாக்கேல்லை. எனக்கு ஒருக்கா போட்டுக் காட்டுவியளோ?”

பாய் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டீ வாங்கி வரச் சொன்னார். அந்த அம்மா போனபிறகு எங்களுக்குள் சண்டை வந்தது.

“போட மாட்டேன் டீச்சர். வெஷம்னு தெரிஞ்சப்பறம் எப்பிடி ஊத்திக் குடுக்கறது?”

“அவங்களே கேக்கறாங்க பாய்.”

“கேட்டா குடுத்துடறதா? மருந்துக் கடைக்காரன்கூட அப்பிடிக் குடுக்க மாட்டான்.”

கொஞ்ச நாள் கழித்து பாயே ஒரு வழியோடு வந்தார். நாடகத்தைத் திருத்தி எழுதியிருந்தார். புதிய வடிவத்தில் தாய் குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுகிறாள். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ யாருக்காகச் சாக வேண்டும், உன்னைப் பாடுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கிறாள். மகன் தடுமாறுகிறான். கடைசியில் நின்றுவிடுகிறான். படித்ததெல்லாம் அதில் இறங்கியிருந்தது, அதே சமயம் உயிரோடும் இருந்தது. இதைவிட நல்ல எழுத்தை பாய் எழுதியதில்லை. படித்து முடித்ததும் என் மார்பிலிருந்து ஏதோ இறங்கியது. அந்த அம்மாவுக்கு முன்னால் நின்று, நான் சொன்னது தவறு என்று மேடையிலேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. மகனாக யார் நடிப்பது? பாயின் மூத்த பிள்ளை கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். தம்பி போனபோது இருந்த வயதுதான் வரும். அவனையே போட்டோம்.

ஒரு ஞாயிறு மதியம், நான் வேலை பார்த்த பள்ளியின் கூடத்தில் நடந்தது. பெஞ்சுகளை ஓரத்துக்குத் தள்ளியிருந்தோம். வாசிப்புக் கூட்டத்து நண்பர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். முன் வரிசையில் தனியாகத் தம்பியின் அம்மா. நல்ல சேலை உடுத்தி, தலையில் பூ இல்லாமல், கோயிலுக்கு வந்தவரைப்போல உட்கார்ந்திருந்தார். நான் வசனங்களை நன்றாகச் சொன்னேன். குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். பாயின் மகனுடைய கையைப் பிடித்து இழுத்து என்னோடு அணைத்துக்கொண்டேன். இந்த முறை அழச் சொல்லியிருந்தார்கள், சொல்லாமலே அழுதேன். நாடகம் முடிந்தது. நண்பர்கள் கைதட்டினார்கள்.

அவர் தட்டவில்லை. கைகளை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டல் தானாக நின்றது.

“உங்கட நாடகத்திலை தாய் மறிக்கிறா, பிள்ளை நிக்கிறான்,” என்றார். குரல் உயரவில்லை. “அப்ப நான் மறிக்காததாலைதான் என்ர பிள்ளை போனவன் எண்டு சொல்லுறியளோ?”

பாய் ஏதோ சொல்ல வந்தார். அந்த அம்மா கை காட்டி நிறுத்தினார்.

“எனக்கு அவன் சொல்லேல்லை. சொல்லியிருந்தா நான் காலிலை விழுந்திருப்பன். அரிசிக்கு வரிசையிலை நிண்டுபோட்டு வாறன், வீடு திறந்து கிடக்குது. பழைய நாடகத்திலை அவன் தாயிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போறவன் எண்டு சனம் சொல்லிச்சினம். அதைப் பாக்கத்தான் வந்தனான்.”

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. வீரத்தைப் பார்க்க அவர் வரவில்லை. அவருக்குக் கிடைக்காமல் போன ஒரு விடைபெறுதலைப் பார்க்க வந்திருந்தார். அதை நாங்கள் வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் எங்கள் பாவமன்னிப்பை வைத்திருந்தோம். அது மட்டுமா? எங்களிடமிருந்த பழியைத் திருத்தி எழுதி அழகாக அவர் மடியில் போட்டிருந்தோம். எங்கள் புதிய நாடகத்தில் ஒரு பிள்ளை காப்பாற்றப்பட்டது. அது பாயின் பிள்ளை. மேடையில் என் அணைப்பில் நின்றிருந்த அவனை பாய் அப்போது பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. வேறொருவர் வீட்டிலிருந்து எடுத்து வந்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பிடிபட்டவரைப்போல இருந்தார்.

“அந்தத் துண்டை மட்டும் செய்யன் பிள்ளை,” என்றார் அவர் என்னிடம். “அவன் வெளிக்கிட்டுப் போற துண்டு.”

நான் பாயைப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். பொய் என்று எனக்குத் தெரிந்த ஒவ்வொரு சொல்லையும் மறுபடியும் சொன்னேன். திலகமிட்டேன். சிரிக்க மட்டும் முடியவில்லை. பாயின் மகனுக்குப் பழைய வசனம் தெரியாது, வெறுமனே நின்றான்.

“அவன் அப்ப என்ன சொல்லுவான்?” என்று அந்த அம்மா கேட்டார்.

நாடகத்தில் எழுதியிருந்தது, ‘போகிறேன் தாயே’ என்று. ஆனால் ஒத்திகையில் தம்பிக்கு அது வராது. ஒவ்வொரு முறையும் அவன் வாயில் வந்தது, ‘போட்டு வாறன் அம்மா’ என்பதுதான், போய்விட்டு வருகிறேன் என்று அவர்கள் சொல்லும் விதம். பாய் கோபித்துக்கொள்வார். “வர்றேன்னு சொன்னா எப்பிடிடா? இது சாவுறதுக்குப் போறவன் பேசறது. போறேன்னு சொல்லு.” நாங்கள் திருத்தித் திருத்தி, வெள்ளிமலைக்குப் போவதற்குள் அவன் சரியாகச் சொல்லப் பழகியிருந்தான். இதில் எதைச் சொல்வது? நான் அவனுடைய சொல்லைத்தான் சொன்னேன்.

“போட்டு வாறன் அம்மா எண்டுதான் சொல்லுவான்,” என்றேன். என் வாயில் அவர்களுடைய பேச்சு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். முகத்தில் ஏதோ தளர்ந்தது. “ஓம், அப்பிடித்தான் சொல்லுவான்,” என்றார். எனக்கோ, அந்தச் சொல் எத்தனை முறை அவருக்குப் பதிலாக எனக்குச் சொல்லப்பட்டது என்ற நினைப்புதான். ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டிய கடைசி வார்த்தையை நான் மேடையில் நின்று வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். வாங்கியதோடு விடவில்லை, அது சரியில்லை என்று திருத்தவும் உடன்பட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பாய் நாடகம் எழுதவில்லை. வாசிப்புக் கூட்டத்தை மட்டும் விடவில்லை. இப்போது வருகிறவர்கள் சின்னஞ்சிறுசுகள். உலகத்தில் எங்கோ நடக்கும் போர் அவர்கள் கையிலிருக்கும் போனில் பாட்டோடு ஓடுகிறது. அவர்களும் கோபப்படுகிறார்கள், நாங்கள் பட்டதைப்போலவே உண்மையான கோபம். பாய் அவர்களைத் தடுப்பதில்லை, புத்தி சொல்வதுமில்லை. யாராவது சாவைப் பற்றி அழகாக ஒரு வரி சொன்னால் மட்டும், “இத யார் வூட்ல உக்காந்து கேப்பாங்க, யோசிச்சியா?” என்பார். சில பேர் யோசிக்கிறார்கள். சில பேர் அடுத்த வாரம் வருவதில்லை. நான் இப்போது தலைமையாசிரியை. ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் ராணுவ உடையில் ஆட அனுமதி கேட்டு வந்தால், ஒரு வருடம் மறுக்கிறேன், ஒரு வருடம் பெற்றோர் சங்கடப்படுவார்களே என்று ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட வருடங்களில் முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டவும் செய்கிறேன்.

போன வருடம் தம்பியின் அம்மா ஊருக்குத் திரும்ப முடிவு செய்தார். அங்கே ஒரு தங்கை இருக்கிறாள், கொஞ்சம் காணியும் இருக்கிறது என்றார். கிளம்புவதற்கு முன் கடைக்கு வந்தார்; நானும் வழியனுப்ப வந்திருந்தேன். பயணத்துக்கு ஒரு செருப்பு வேண்டுமாம். கடையை இப்போது பாயின் மகன் பார்த்துக்கொள்கிறான். விளக்குகள், கண்ணாடி, விலை உயர்ந்த ஷூக்கள் என்று கடையே மாறிவிட்டது. வேலைக்கு ஆட்கள் இருந்தும் பாயே எழுந்தார். முழங்கால் வலியோடு தரையில் மண்டியிட்டு, அந்த அம்மாவின் பாதத்தைக் கையில் ஏந்திச் செருப்பை மாட்டினார். வாரைச் சரிசெய்தார். சரிசெய்து முடித்தபிறகும் தலை நிமிரவில்லை.

“எழும்புங்கோ பாய்,” என்றார் அவர் தாழ்ந்த குரலில். “சனம் பாக்குது.”

பாய் எழுந்தார். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

“ஆம்பிளையள் போடுறது ஒண்டும் வேணும்.”

அது யாருக்கு என்று கடையில் யாரும் கேட்கவில்லை. எந்த வாடிக்கையாளரிடமும் கேட்பதைப்போல பாய் கேட்டார். “இன்னா சைஸும்மா? அகலமான பாதமா, ஒல்லியா?”

“நீங்கள் பாத்தனீங்கள்தானே,” என்றார் அவர். குத்திக் காட்டவில்லை. மறந்துபோன ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற குரல்தான் அது.

பாய் அலமாரியின் முன்னால் அப்படியே நின்றார். நாடகத்தில் மகன் எப்போதும் வெறுங்காலோடுதான் வருவான். பாய்தான் அப்படி எழுதியிருந்தார். வாழ்நாளெல்லாம் ஊராரின் பாதங்களையே பார்த்து வந்த மனிதர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை.